அட்டையில் வரைந்த கால்

நவம்பர் 3, திங்கள்

இன்று நூலகத்தில் பனிமுயலைப் பற்றிப் படித்தேன். உடம்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் பின்னங்கால்கள் அவ்வளவு பெரியவை. அதனால்தான் மெத்தென்ற பனியில் புதையாமல் ஓடுகிறது. இலைக்கோழிக்கு விரல்கள் இன்னும் நீளம். மிதக்கிற இலைமேல் ஹாயாக நடந்துபோகுமாம்! அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது: பெரிய கால் பிராணிகள். சிட்டுவிடம் சொன்னதும் குதித்தாள். ஆள் சின்னவள் என்பதால் வகுப்பே அவளைச் சிட்டு என்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் என் பக்கத்து இடம்.

நவம்பர் 5

புது ஷூ. என் அளவு ஆண்கள் பகுதியில்தான் கிடைத்தது. அண்ணன் பார்த்துவிட்டு, "ஷூ சரி, துடுப்பு எங்க?" என்றான். அம்மா அதட்டினாள், ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆண்கள் ஷூ என்று பள்ளியில் சிட்டுவிடம் மட்டும் சொன்னேன். "மூச்சு விட மாட்டேன்டி" என்றாள்.

நவம்பர் 8, சனி

சிட்டு வீட்டுக் கூடம் முழுக்க அட்டையும் பசையும். எல்லாப் பிராணிகளையும் ஒரே உயரத்தில் வரைந்தோம், அப்போதுதான் கால் வித்தியாசம் தெரியும். இது என் யோசனை. பக்கத்தில் நிஜ அளவில் ஒரு மனிதக் கால் வேண்டும். சிட்டுவின் கால் அட்டையில் பாப்பா கால் போல இருந்தது.

"உன் காலைக் குடு."

நான் தயங்கினேன்.

"மனிதக் கால்னு மட்டும்தான் எழுதுவேன். யாருதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

கொடுத்தேன். பென்சில் கூசியது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நவம்பர் 13

இன்று கண்காட்சி. எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து மேசையில் எரிமலை. புகை வந்ததும் கூட்டமெல்லாம் அங்கேதான். எங்களிடம் ஈ காக்கா இல்லை. திடீரென்று சிட்டு அந்தக் கால் அட்டையை எடுத்துத் தரையில் போட்டாள். "வாங்க வாங்க! இந்தக் கால் யாருது? உங்க கால் பொருந்துதா பாருங்க!"

வரிசையே நின்றது. கணக்கு சார்கூடச் செருப்பைக் கழற்றினார். பெண்கள் யாருக்கும் பொருந்தவில்லை. நடுவர் வந்தார். "அப்போ இது யாரோடதும்மா?"

சிட்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் பார்க்கவில்லையோ? இல்லை. பார்த்தாள்.

"இவளுதுதான் மேடம்! ஆம்பளைங்க செக்‌ஷன்லதான் ஷூவே வாங்குவா. எங்க மேசையோட உயிருள்ள மாடல்!"

கையைப் பிடித்து இழுத்தாள். ஷூவைக் கழற்றிக் காலை வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஏன் வைத்தேன்? ஓடியிருக்கலாமே. ஏன் ஓடல நான்?

எங்களுக்குத்தான் முதல் பரிசு.

நவம்பர் 14

"கங்காரு, உன் பையில குட்டி இருக்கா?" — கடைசி பெஞ்ச். ஒரு வகைக் கங்காருவின் அறிவியல் பெயருக்குப் பொருளே பெரிய பாதம்தான். நல்லவேளை, அது அவர்களுக்குத் தெரியாது.

சிட்டு வந்தாள். "நமக்காகத்தானேடி செஞ்சேன். ஜெயிச்சோம்ல?"

"நான் தலையாட்டினதப் பாத்தியா?"

பை வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பாத்தேன்."

எரிமலைக்காரர்களே ஜெயித்திருக்கலாம்.

நவம்பர் 18

பனிமுயலைத் துரத்துகிற காட்டுப்பூனைக்கும் பாதம் பெரிதாம். முயல் புதையாத பனியில் அதுவும் புதையாது. இது என்ன நியாயம்?

நவம்பர் 27

ஆசிரியையிடம் கேட்டு ஜன்னலோர இடத்துக்கு மாறிவிட்டேன். காரணம் கேட்டார். பலகை சரியாகத் தெரியவில்லை என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

மாடிப்படியில் சிட்டு வழிமறித்தாள். கண் சிவந்திருந்தது. என் காதில் தன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். அவள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாதது. "இப்ப நீ யார்கிட்ட வேணா சொல்லிக்கோ. சரிக்குச் சரி."

அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இங்கேயும் எழுதப்போவதில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வகுப்பு வரை சேர்ந்தே நடந்தோம்.

வாசலில் நின்று, முன்பெல்லாம் தினமும் கேட்பதுபோலக் கேட்டாள்: "அப்புறம்? உன் பக்கம் என்னடி புதுசு?"

ஷூ மறுபடி இறுக்கிப் பிடிக்கிறது. காலையில்தான் அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டு வந்திருந்தேன்.

"ஒண்ணும் இல்லடி" என்றேன்.