பாஸ்போர்ட் சைஸ், ஆறு காப்பி

ஜூலை 1, செவ்வாய்

ரேஷன் கடை மிஷினில் ஆறு தடவை விரலை அழுத்தினேன். நான் யாரென்றே தெரியாது என்றது. மூன்று வருஷமாக மாசாமாசம் அதே விரல்தான். அடுத்து மாட்டுத் தவிடு, அம்மாவின் முட்டிவலித் தைலம், கடைசியில் தாலுகா ஆபீஸ். அங்கே சர்வர் இல்லையாம். போன வாரமும் இல்லை. அது எப்போதுதான் இருந்தது?

வடக்கனந்தலில் ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்தவளாக இருப்பது ஒரு தண்டனை. "வண்டியிலதான போற" என்கிறாள் அம்மா. இடுப்பு வலிப்பது வண்டிக்கா?

தாலுகா ஆபீஸ் வேலை வாரிசுச் சான்றுக்காக. அப்பா போய் ஒரு வருஷம் ஆகியும் ரெண்டு ஏக்கர் கரும்புக் கொல்லை அவர் பேரில்தான் கிடக்கிறது. அதன்மேல் லோன் வாங்கி போர் போடப் போகிறானாம் தம்பி அன்புச்செல்வன். ஓசூர் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு போனில் ஐஸ் வைக்கிறான்: "நீ போனாத்தான்க்கா வேலை நடக்கும்."

ஜூலை 3, வியாழன்

வாரிசு என்பதால் என் போட்டோவும் வேண்டுமாம். ஷேக் தாவூது பாய் ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன். பாஸ்போர்ட் சைஸ், ஆறு காப்பி. ஆறிலும் முழிக்கிறேன், கோழி திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி. "இன்னொன்னு எடுங்க பாய்" என்றேன். "லோனுக்குத்தானம்மா, பொண்ணு பாக்கவா வராங்க?" என்றார். சரிதான், என்னைப் பெண் பார்த்த லட்சணம் ஊருக்கே தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

மதியம் சோறு தின்றுவிட்டு, ஓசூரில் அன்பும் இங்கே நானுமாக வண்டி கட்டினோம். போன் விளையாட்டுதான். கட்டை, சக்கரம், இன்ஜின் எல்லாம் நாமே பொருத்தி மலையேற்ற வேண்டும். எங்கள் வண்டிக்குப் பெயர் கல்ராயன் எக்ஸ்பிரஸ். பார்க்க ஆறு சக்கரம் வைத்த கயிற்றுக் கட்டில். அவன் கையில் கொடுத்தால் புகைபோக்கியாக வைக்கிறான். இன்றோடு ஏழு. எதுக்குடா ஏழு? "கெத்துக்கா!" பின்பாரம் தாங்காமல் மூன்றாவது வளைவில் வழக்கம்போல மல்லாந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மணலூர்பேட்டையில் புருஷன் வீட்டில் வாழ்ந்தது போதும் என்று பெட்டியோடு நான் திரும்பி வந்தபோது, ஒரு மாசம் யாரோடும் பேசவில்லை. அவன்தான் இதைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். "அழுதுக்கினே இருக்காதக்கா, வண்டி கட்டு." வண்டியை என் பேரிலேயே பதிந்தான். ஓனர் தமிழ்மொழி, மெம்பர் அன்பு. அதை நான் மறந்ததில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வாரிசுச் சான்று வந்துவிட்டது! அம்மா, நான், அன்பு, மூன்று பேர். சர்வருக்குப் பொங்கல் வைக்கலாம்.

ஜூலை 9, புதன்

அம்மா காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுடணும். பதினாறாம் தேதி நல்லா இருக்குது."

தலையாட்டிவிட்டுத் தவிடு வாங்கப் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது. லோன் வாங்க எவன் நாள் பார்க்கிறான்? ஆடியில் பத்திரம்தான் பதிய மாட்டார்கள்.

சீச்சீ. என் புத்தி ஏன் இப்படிப் போகிறது?

ஜூலை 12, சனி

பாய் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். "உங்க பத்திரம் டைப் ஆயிடுச்சு, கையோட எடுத்துக்கினு போயிடும்மா" என்று ஒரு கவரை நீட்டினார். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார், பாவம்.

விடுதலைப் பத்திரம். எழுதி வாங்குபவர் அன்புச்செல்வன். எழுதிக் கொடுப்பவர்கள் சின்னப்பொண்ணு, தமிழ்மொழி. என் பாகத்தை நானே முழு மனசோடு, யார் தூண்டுதலும் இல்லாமல் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேனாம். பக்கத்தில் என் போட்டோ. முழிக்கிறேன்.

வாரிசுச் சான்றுக்கு நாலு தடவை அலைந்தது நான். ஆதார் ஜெராக்ஸ் நான். போட்டோ நான். என் கழுத்துக்குக் கயிறு வாங்கி வர என்னையே கடைக்கு அனுப்பியிருக்காங்க. நானும் நல்ல கயிறா பாத்து வாங்கிக்கினு வந்திருக்கேன்.

அம்மாவுக்குமா தெரியும்? சின்னப்பொண்ணு என்று அவள் பெயரும் இருக்கிறதே. தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

பத்திரத்தை நேற்றே பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தம்பியே வந்து வாங்கிக்கொள்வான் என்று. இன்று ஒன்றும் தெரியாதவள் போல விளையாடினேன். "நீ ஓட்டுக்கா" என்றான், எப்போதும் போலப் பாசமாக. நடுவில் மெசேஜில் கேட்டேன்: "லோனுக்கு எதுக்குடா ஆடிக்கு முன்னாடி?"

பதிலுக்கு எட்டாவது புகைபோக்கி வந்தது.

ஜூலை 14, திங்கள்

பாவி. கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ.

ஜூலை 15, செவ்வாய்

அன்பு வந்துவிட்டான். எனக்குச் சுடிதார், மைசூர்பாகு. "நாளைக்கு ஒரு கையெழுத்துதான்க்கா, லோன் பேப்பர்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். ரிஜிஸ்டர் ஆபீஸில் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சரியான கணக்குதான். மணலூர்பேட்டையிலும் நான் திறக்கவில்லையே.

மைசூர்பாகு நன்றாக இருந்தது. நாலு தின்றேன்.

ஜூலை 16, புதன்

பதினோரு மணிக்கு டோக்கன். ஒன்பது மணிக்கு அம்மா, "பத்திரத்த வெச்சு சாமி கும்புடணும், வெத்தல பாக்கு வாங்கிக்கினு வந்துடு" என்றாள். அதற்கும் நான்தான்! லோன் பேப்பருக்கு வெற்றிலை பாக்கு!

எல்லாக் காகிதத்தையும் நான்தானே அலைந்து சேர்த்தேன். அப்பாவின் மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, என் ஆதார் எல்லாம் ஸ்கூட்டி டிக்கியில்தான் இருந்தன. வெற்றிலை வாங்கினேன். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ரோட்டில் ஏறினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதல் வளைவில் நிறுத்திப் போனை அணைத்தேன். இரண்டாவதில் அழுதேன், சத்தமாக. மூன்றாவதை எங்கள் கல்ராயன் எக்ஸ்பிரஸ் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. நான் தாண்டினேன்.

வெள்ளிமலையில் டீயும் போண்டாவும். நாலு மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் எதுவும் வாங்காமல் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது?

இருட்டுவதற்குள் வந்து வெற்றிலை பாக்கை அம்மா கையில் கொடுத்தேன். "கேட்டியே, இந்தா."

"இன்னாடி இது, மானத்த வாங்கிட்ட! ஒனக்குத்தான் சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே. அவனுக்குப் பொண்ணு குடுக்கற வூட்ல நெலம் அவன் பேருல இருக்கான்னு கேக்கறாங்க."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ அழுவ."

அன்பு சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "ஒன்ன நான் பாத்துக்க மாட்டனாக்கா?"

"இவ்ளோ நாளா பாத்ததே போதும்டா."

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆவணி வரைக்கும் யாரும் பத்திரப் பேச்சு எடுக்க முடியாது. அன்பு விடிந்ததும் ஓசூருக்குக் கிளம்பிவிட்டான், சொல்லாமல்.

ஜூலை 30, புதன்

ரேஷன் மிஷின் முதல் தடவையிலேயே என்னை ஏற்றுக்கொண்டது. வீட்டில் அம்மா இன்னும் பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள். தைலம் தீர்ந்துவிட்டதாகச் சுவரிடம் சொன்னாள். வாங்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. மதியம் அந்த விளையாட்டைத் திறந்தேன். ஒரு மாசம் கழித்து அவனும் வந்து நின்றான். ஏழு புகைபோக்கியை நான் கழற்றியிருந்தேன். ஒன்றை மட்டும் விட்டிருந்தேன், அவனுக்காக. வண்டி மூன்றாவது வளைவைத் தாண்டி, உச்சியில் நின்றது.

"அக்கா, என் சீட்டு இருக்குதா?" என்று மெசேஜ் போட்டான். படித்ததும் கண் கலங்கிவிட்டது. என்ன செய்ய, தம்பியாச்சே.

"இருக்குதுடா. மொதல்ல ஒரு வேலை பண்ணு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து அனுப்பு, ஆறு காப்பி."

"எதுக்குக்கா?"

"பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு. ஒனக்கு, எனக்கு, அம்மாவுக்கு. முழிக்காம எடு."