டென்மார்க் சாயிப்பின் வலது முட்டி

ஜன. 12, திங்கள்

பனி. தைலம் உறைந்து கிடந்தது, இரண்டு முறை சூடாக்க வேண்டியதாயிற்று. என் கட்டைவிரல் இரண்டும் போயே போச்சு. இந்த ஆயுர்வேத சென்டரில் ஊர் வலியெல்லாம் நான் எடுத்துவிடுகிறேன், என் வலியை எடுக்க ஆள் கிடையாது.

புது ஆள்: டென்மார்க் சாயிப்பு, வெள்ளைக்காரர். ஐம்பது இருக்கும். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். புரொஃபஷனல் ஃபுட்பாலில் கோலுக்கு முன்னால் தடுக்கிற ஸ்டாப்பர் பேக்காக இருந்து ரிட்டயர் ஆனவராம். படி இறங்கும்போது மட்டும் திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குகிறார். பார்க்கவே சங்கடம்.

வாங்க: கிழித்துணி, அம்மாவுக்கு இருமல் மருந்து, பொங்கலுக்கு வெல்லம்.

ஜன. 13, செவ்வாய்

காற்று. மூலிகைக் கிழி ஒத்தடம் வைக்கும்போது சாயிப்பு தன் கதையை உடம்பைக் காட்டியே சொன்னார். மூக்கு: முதல் சீசன், யாரோ முழங்கையால் இடித்தது. கணுக்கால்: இரண்டாவது கிளப். தேசிய டீமில் ஒரே ஆட்டம், அதுவும் கடைசிக் கொஞ்ச நேரம். வலது முட்டி: ஊசி. வீங்கினால் ஊசி, ஆட்டம், மறுபடி ஊசி. டாக்டர் வேண்டாம் என்றாராம், இவர்தான் கெஞ்சிப் போட்டுக்கொண்டாராம்.

எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்தால் தம்பி செல்வம் முட்டியில் ஐஸ் வைத்து உட்கார்ந்திருக்கிறான். எஸ்டேட் டீமில் அவனும் ஸ்டாப்பர். ஞாயிறு பொங்கல் கப் ஃபைனல். பாலக்காட்டில் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஃபுட்பால் டீமின் மேனேஜர் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் சீசன் முழுக்கச் சம்பளத்தோடு ஆட்டம். இல்லாவிட்டால் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலையே கதி.

"டவுன்ல ஊசி போடுறாங்கண்ணே. ஆட்டம் முடியிற வரைக்கும் வலியே தெரியாதாம்."

"வலி தெரியலன்னா முட்டி போறதும் தெரியாதுடா."

காதில் வாங்கினால்தானே.

ஜன. 14, புதன்

ஒரு யோசனை. நான் சொன்னால் கேட்க மாட்டான், சாயிப்பு சொன்னால் கேட்பான். சாயிப்பிடம் கேட்டேன். சரி என்றார். விரல் வீக்கம் குறையவில்லை.

ஜன. 16, வெள்ளி

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

செல்வத்தை சென்டருக்குக் கூட்டிப் போனேன். சாயிப்பு பேன்ட்டைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். பேரனைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடக்க முடியவில்லை என்றார். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். செல்வம் முகம் சுருங்கியது. அப்பாடா என்று இருந்தது.

"மறுபடி அந்த வயசு வந்தா ஊசி போட்டுக்குவாரான்னு கேளுண்ணே."

கேட்டேன். சாயிப்பு சுருட்டிய பேன்ட்டை இறக்கிவிட்டார். பிறகு "யெஸ்" என்றார். அதற்கு என் தமிழ் தேவைப்படவில்லை.

அவன் போனதும் சாயிப்பு ஸாரி என்றார். பொய் சொல்ல முடியவில்லையாம். நல்ல நேரம் பார்த்தார் உண்மை பேச. கோபத்தில் கிழியைக் கொஞ்சம் சூடாகவே வைத்தேன். அதற்கும் தேங்க்ஸ் சொன்னார் மனுஷன்.

ஜன. 18, ஞாயிறு

நல்ல வெயில். ஊசி போட்டுக்கொண்டுதான் போனான். போகக் கூடாது என்று இருந்தேன், மனசு கேட்கவில்லை. ஒன்று-பூஜ்யம், ஜெயித்தாயிற்று. செல்வத்தைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. மேனேஜர் கைகொடுத்து, அடுத்த வாரமே வரச் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளத்தோடு லயத்துக்கு வந்தார்கள். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். வாசலில் இறக்கப் போனார்கள். செல்வம் சிரித்த முகம் மாறாமல் குனிந்து என் காதில் சொன்னான்:

"எறக்க வேணாம்னு சொல்லுண்ணே. கால் நிக்காது."