நான்கு மணிக்கு நீ அபியைக் கேட்டாய்

என் செல்ல மகள் வசந்திக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம். ஆட்டைத்திவசத்துக்கு ஐயரிடம் சொல்லியாயிற்று. கத்தரிக்காயும் வாழைக்காயும் மருமகன் வாங்கித் தருவார். சமையல் நான்தான்.

உன் மகள் அபி படிப்பின் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள். சிஸ்டம்ஸ் என்ஜினியரிங் என்று வாய் தடக்காமல் சொல்ல நானும் பழகிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள், லூயிஷாம் கோயிலுக்குப் போகிற நேரமெல்லாம் அந்தச் சொல்லை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! "அப்ப எங்கடை வீட்டுச் சுடுதண்ணிப் பொய்லரை வந்து பாப்பாளோ?" என்று ஒருவர் கேட்டார். "பொய்லர் இல்லை அண்ணை, விமானம் ஒழுங்காப் பறக்குமோ எண்டு பாக்கிற படிப்பு" என்றேன். நீ பக்கத்தில் நின்றிருந்தால் "அம்மா, காணும்" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பாய்.

அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது, பிள்ளை.

உன் உடம்பில் அந்த வருத்தம் திரும்பி வந்தபோது, சோதனை எழுதி முடியும்வரை அபிக்குச் சொல்வதில்லை என்று நீயும் மருமகனும் நானும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். நம் சனம் அப்படித்தானே? சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் செத்த வீட்டைக்கூட மறைப்போம். அவள் போன் எடுக்கிறபோதெல்லாம் "அம்மா படுத்திருக்கிறா" என்றேன். பொய் இல்லைத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நீ மனம் மாறினாய். பின்னேரம் நான்கு மணி. மருமகன் உடுப்பு எடுக்க நம் கோலியர்ஸ் வுட் வீட்டுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ, பக்கத்தில் நான்.

"அம்மா, அபியை வரச்சொல்லுங்கோ."

"நாளைக்குக் காலமை அவளுக்குக் கடைசிச் சோதனை, குஞ்சு. முடிஞ்ச கையோடை ஓடி வருவாள்."

"இப்ப வரச்சொல்லுங்கோ."

"ஒரு நாள்தானே. பொறு."

மூன்றாம் தரம் நீ கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாய். அவள் தங்கியிருந்த அறை ஒரு மணித்தியால ட்ரெயின் தூரம். அடுத்த நாள் பதினொரு மணிக்கு நீ போனாய். உன் பிள்ளை அப்போது மண்டபத்தில் சோதனை எழுதிக்கொண்டிருந்தாள்.

வீடு நிறையச் சனம் இருக்க, அவள் என்னைக் கேட்டாள். "அம்மம்மா, அம்மா என்னைத் தேடேல்லையா?"

என் வாயில் வந்தது இதுதான்: "இல்லைப் பிள்ளை. சோதனை முடியட்டும், சொல்ல வேண்டாம் எண்டு உன்ரை அம்மாதான் கடைசிவரைக்கும் சொன்னவ."

சுற்றி நின்றவர்கள் "தாயெண்டா இப்பிடி இருக்கோணும்" என்று உன்னைப் புகழ்ந்தார்கள். அபியின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. அதன்பின் உன் படத்துக்கு அவள் ஒரு பூ வைத்ததில்லை. "அம்மாவுக்கு என்னைவிட என்ரை எக்ஸாம்தான் முக்கியம்" என்று தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். பத்து மாதம் அதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு தின்றேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். அவளுடைய ப்ராஜெக்ட் ரயில் சிக்னல்களைப் பற்றியது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தாளை விரித்துப் பெட்டி பெட்டியாகக் கீறி எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"ஒவ்வொரு பார்ட்டும் சரியாத்தான் வேலை செய்யும், அம்மம்மா. எண்டாலும் ஆக்சிடென்ட் நடக்கும். ஒண்டுக்குத் தெரிஞ்சது மற்றதுக்குப் போய்ச் சேராது."

"அப்ப பிழை ஆருடையது?"

"அது முதல் கேள்வி இல்லை. எந்த இடத்திலை நிண்டது எண்டுதான் தேடோணும்."

"என்னட்டை நிண்டது" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. பேனையை மூடி வைத்தாள்.

"எத்தினை மணிக்குக் கேட்டவ?"

"நாலு மணிக்கு."

"நான் அஞ்சு மணிக்கு அங்கை நிண்டிருப்பன்." கீறிய தாளை மடித்தாள். "எத்தினை தரம் கேட்டவ?"

"இரண்டு தரம்."

கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. வகுப்புக்கு மட்டும் ஒழுங்காகப் போகிறாளாம். என்னை மன்னிப்பாளா? மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இருக்கிறதா?

முந்தநாள் தகப்பனோடு கதைத்திருக்கிறாள். மருமகன் குசினி வாசலில் நின்று, சொல்லலாமா விடலாமா என்று தடுமாறினார்.

"திவசத்துக்கு வாறாளாம், மாமி. படத்துக்கு மாலை தான்தான் போடுவாளாம். ஆனா..."

"நான் அவளோடை கதைக்கக் கூடாது. அதுதானே?"

"ஓம், மாமி."

"சரியெண்டு சொல்லுங்கோ, தம்பி."

அன்று அத்தனை பேருக்கு முன்னால் உன் தலையில் பொய்யைப் போட்டேன். அதனால்தான் அவர்கள் எல்லாரும் வாசிக்கிற பேப்பரிலேயே இதை எழுதுகிறேன். வசந்தி தன் பிள்ளையைத் தேடினாள். இரண்டு தரம் கேட்டாள். கூப்பிடாமல் விட்டது நான்.

அபி வருகிற அன்று நான் வாசலுக்குப் போக மாட்டேன். அவள் மாலை போட்டு உன்னோடு கதைத்து முடியும்வரை குசினிக்குள்ளேயே இருப்பேன். உனக்கும் அவளுக்கும் நடுவில் இனி ஒருநாளும் வர மாட்டேன், பிள்ளை. இது சத்தியம்.

உன் அம்மா