பாப்பாவின் காதும் அத்தையின் வாயும்

புதன், ராத்திரி

பாப்பாவுக்கு ஏன் காது கேக்கலன்னு டாக்டர் இன்னைக்குச் சொல்லிட்டார். உள்காதுல சத்தத்தை வாங்குற செல்கள் ஒழுங்கா வளர, மத்த ஜீன்களை முடுக்கிவிடுற ஒரு ஜீன் இருக்காம். அதுலதான் பழுது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்தாத்தான் இப்படி ஆகுமாம். சொந்தத்துல கட்டினது வினையாப் போச்சு.

டாக்சியில மாமியார் வாய் ஓயல. "எல்லாம் ஒங்க அப்பன் வீட்டுச் சீக்கு!" எங்க அப்பாவோட கூடப்பிறந்த அக்கா அவங்க. அதே வீட்டுல பிறந்துட்டு இந்தப் பேச்சு! என் வீட்டுக்காரர் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தார்.

தாராவி வந்ததும், அழுதுக்கிட்டிருந்த எங்க அம்மாகிட்ட அதே வாய் சொல்லுது: "அழாத மேரி. ஆனது ஆயிப்போச்சி. என் இளையவனுக்கு ஒன் சின்னவளப் பேசி முடிச்சிருவோம்."

அம்மா கண்ணைத் துடைச்சிட்டு, அவங்களுக்கு டீ போட எழுந்து போனா.