எல்லோருக்கும் முதலிடம்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே கணக்குப் பிரிவு அதிகாரி மாடி ஏறி வந்துவிட்டார். சம்பளப் பட்டியல் ஓடும்போது கம்ப்யூட்டர் நொண்டுகிறதாம், அவர் வேலைக்குத்தான் முன்னுரிமை வேண்டுமாம். கொடுத்தேன். அவர் இறங்குவதற்குள் மருந்தகத்துக்காரர் ஏறினார். அவருக்கும் கொடுத்தேன்.

இந்த ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே சர்வர், அதில் பதினாறு ப்ராசஸர். எந்த வேலைக்கு எத்தனை ப்ராசஸர், எவ்வளவு மெமரி என்று பங்கு போடுவது என் உத்தியோகம். வீட்டில் ஒரு குளியலறைக்கு ஐந்து பேர் அடித்துக்கொள்வதைத் தீர்க்கத் துப்பில்லாதவனை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

இன்று நிர்வாகி. வாசல் கூடத்தில் புதிதாக ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறார். நோயாளிகள் எண்ணிக்கை அதில் கலர் கலராகச் சுழலும். சுழல்வது போதாதாம், வழுவழுவென்று சுழல வேண்டுமாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அதுதானே முக்கியம்! எட்டு ப்ராசஸரைத் தாரை வார்த்தேன். மிச்ச வேலையெல்லாம் மீதி எட்டில் ஒண்டிக்கொள்ளட்டும்.

மார்ச் 6, வியாழன்

கேட்டவர்கள் எல்லோருக்கும் முதலிடம் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் முதலிடம் என்றால் யாருக்குமே இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. நன்றி வேறு சொல்கிறார்கள்.

வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கணும், அதான் உங்க வியாதி" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

நுணலும் தன் வாயால் கெடும். மெமரி நிரம்பினால் இயங்குதளம் சும்மா இராது, நிறைய இடம் அடைத்திருக்கிற ஒரு வேலையைப் பிடித்துக் கொன்றுவிட்டு மற்றதை வாழவைக்கும் என்று கணக்கு அதிகாரியிடம் உளறிவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஆளாளுக்குப் படியேறி, தங்கள் வேலையைத் தொடக்கூடாது என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். குறித்தேன். சுழலும் திரைக்கும் சேர்த்து.

கீழே ஸ்கேன் அறை அக்கா மட்டும் வரவில்லை. அவருக்கு எல்லாம் நன்றாக ஓடுகிறது போல.

மார்ச் 13, வியாழன்

இன்று மெமரி நிரம்பியது. இயங்குதளம் கொல்ல ஆள் தேடியிருக்கிறது. பெரிய வேலைக்கெல்லாம் கவசம். இல்லாதது ஒண்ணே ஒண்ணு — ஸ்கேன் படத்தைக் கோத்துக் கொடுக்கிற வேலை. அதைக் கொன்றுவிட்டது.

ஸ்கேன் மேசையில், ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயின்டர். தலைக்குள் ரத்தம் கசிகிறதா என்று தெரியாமல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அக்காவிடமிருந்து எனக்கு முதல் போன் அதுதான். வேலையை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டேன், நகரவே இல்லை. திரையை நிறுத்தி எட்டையும் பிடுங்கிக் கொடுத்த பிறகுதான் படம் வந்தது. கசிவுதான். தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கீழே போனேன். கதவோரம் பெயின்டரின் மனைவி. என்னைப் பார்த்து எழுந்து நின்றார், டாக்டர் என்று நினைத்துவிட்டார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அக்காவிடம் போய்ச் சொல்கிறேன், வெட்கமில்லாமல்.

"நான் மாடி ஏறி வர்ற நேரத்துல இங்க யாராவது படுத்திருப்பாங்க தம்பி."

திட்டியிருந்தால் தேவலை. அழுத பிள்ளை பால் குடிக்கும், சரி. அழ நேரமில்லாத பிள்ளையை யாரு பாக்கறது? அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்?

மார்ச் 14, வெள்ளி

பெயின்டர் கண் விழித்துவிட்டார். மனைவி பெயரைச் சரியாகச் சொன்னாராம்.

மார்ச் 15, சனி

எல்லோருடைய கவசத்தையும் உரித்தேன். ஸ்கேனுக்கு நான்கு ப்ராசஸர், தனி மெமரி, வேறு யாரும் கை வைக்க முடியாது. திரைக்கு மிச்சம் மீதி. மெமரி நிரம்பினால் முதல் பலியும் அதுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மார்ச் 20, வியாழன்

நிர்வாகி தோளில் தட்டினார். திரை இப்போது நிதானமாகத் திரும்புவது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதாம். கூட ரெண்டு ப்ராசஸர் போட்டேனா என்று கேட்டார். எல்லாம் உங்களுக்குத்தான் சார் என்றேன்.

ஸ்கேன் அக்கா இன்றும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் நானே இறங்கிப் போய், ஏதாவது வேணுமாக்கா என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் வேணாம் தம்பி. கதவைச் சாத்திட்டுப் போங்க, ஆள் படுத்திருக்காங்க."

சாத்திவிட்டு வந்தேன்.