அழாத பிள்ளை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். மருமகளும் பிள்ளையும் சுகம் என்று அதே வரியில் எழுதக் கை வரவில்லை, அதனால் பதறாமல் கடைசி வரைக்கும் படி. உன் கேம்புக்குப் போன் கிடைக்கவே இல்லை, அங்கே சாமான் ஏற்றிப் போகும் லாரி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளையைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நீ பிறந்தபோது அழுது ஊரையே கூட்டினாய், இவனோ பூனைக்குட்டி மாதிரி சுருண்டு தூங்கினான். தங்கமான பிள்ளை, யாரையும் படுத்தவே இல்லை என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். அவன் தூக்கம் கெடக் கூடாது என்று நான் கடையில் தையல் மெஷினை நிறுத்தினேன், தைத்த துணியை வாங்க வந்தவர்களிடம் கிசுகிசுத்துப் பேசினேன், அழைப்பு மணியின் ஒயரைக்கூடப் பிடுங்கிப் போட்டேன். மருமகள் மட்டும், மாமா, இவன் ரெண்டு வாய் சப்பிட்டு தூங்கிடறான், முழுங்குற சத்தமே கேக்கல, எழுப்பவா என்று கேட்டாள். தூங்குற பிள்ளைய எழுப்பாதேம்மா, பசிச்சா தானா அழுவான் என்று உன் அம்மா அதட்டினாள், நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

அவனுக்கென்று நான் வெட்டித் தைத்த இடுப்புத்துணி அடுக்கு குறையவே இல்லை. துவைக்கிற வேலை மிச்சம் என்று உன் அம்மா சிரித்தாள். நேற்றுக் காலையில் மருமகள் ஒரு துணியைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். செங்கல் பொடி தேய்த்தது போல ஒரு கறை. நேத்துலேர்ந்து இது ஒண்ணுதான் நனைஞ்சிருக்கு மாமா, இனிமே நான் யாரையும் கேக்கப் போறதில்ல, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறேன் என்றாள். பிள்ளையைத் தூக்கினேன். உதடு காய்ந்து கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், முகம்கூடச் சுளிக்கவில்லை. அழுடா கண்ணா என்று கெஞ்சினேன். கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு மூன்று பேரும் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எடை போட்ட கையோடு நர்ஸம்மா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். பால் உள்ள போகவே இல்ல, அழக்கூட தெம்பில்லாமதான் பேசாம கிடந்திருக்கான் என்றார் டாக்டர். பிறந்து ஆறு நாளான பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனைக்கணுமாம், மலம் மஞ்சளாக மாறணுமாம், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பியாவது குடிக்க வைக்கணுமாம். இப்போது கையில் ஊசி குத்திக் குழாய் வழியாக மருந்து ஏறுகிறது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிக் கொடுக்கிறாள். பால் நிறைய இருக்கு, பிள்ளை வாய் வைக்கிற விதம்தான் சரியில்ல என்று நர்ஸம்மா சொல்லியும் நம்ப மாட்டேன் என்கிறாள், எங்கிட்ட பாலே இல்ல மாமா என்று சொன்னதையே சொல்கிறாள். உன் அம்மா வராந்தாவில் சுவரோரம் நிற்கிறாள், அவளை உள்ளே விட மருமகளுக்கு மனசில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன பேசுவேன், சொல்.

கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. லீவு கொடுக்காவிட்டாலும் கிளம்பி வா. பிள்ளையோட அப்பா எங்கே என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அப்பா