மெர்சியின் தேத்தண்ணிப் படங்கள்

இன்றைக்கும் விடியக் கரையில் இருந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்தேன். மெர்சி சுடுதண்ணிப் போத்தலின் மூடியைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டு, "குளிருது பிள்ளை, கெதியா ஊத்து" என்று, கூட்டாளி, நீர் அவளை அவசரப்படுத்துகிற மாதிரியே இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

தேத்தண்ணிக்குச் சீனி இரண்டு கரண்டி. எனக்குச் சீனி கூடாதென்று டொக்டர் சொல்லி எவ்வளவோ காலம். அது உமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனீரோ என்று சில காலைகளில் உம்மோடு கோபம் வருகிறது. கோபப்படுவதற்கும் இப்போது எனக்கு வேறு ஆளில்லை.

ஊர்காவற்றுறையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். நீர் கடலுக்குப் போனீர். நான் கரையில் நின்று வள்ளங்களுக்குப் பெயின்ற் அடித்துப் பேர் எழுதினேன். நான் கலியாணம் கட்டவில்லை. நீர் கட்டினீர், மெர்சி பிறந்தாள், அவள் நடை பழகுமுன்னே தாய் போய்விட்டா. மெர்சிக்கு எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும். ஒரு வேலையைச் சொன்னால் முதல் பாதி மனதில் நிற்கும், மற்றப் பாதி நழுவிவிடும். இரண்டாம் வகுப்போடு, "இவவை வீட்டில வைச்சிருக்கிறதுதான் நல்லது" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வளர்ந்த பெண்ணாகும்வரை வீட்டில்தான் இருந்தாள்.

கோயில் மண்டபத்தில் கன்னியர் மடத்துச் சிஸ்டர் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எழுத்துப் பிடிபடாத சின்னப் பிள்ளைகளும் வந்தார்கள், மெர்சியைப் போல வளர்ந்தவர்களும் வந்தார்கள். வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டுமென்பது சிஸ்டரின் சட்டம். வந்திருந்ததெல்லாம் தாய்மார். நடுவில் ஒரே ஒரு தகப்பன் நீர். "சும்மா வந்து பக்கத்தில இருமப்பா, பெம்பிளையளுக்கு நடுவில தனிய இருக்க ஏலாது" என்று என்னை இழுத்துக்கொண்டு போனீர். இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். நீர் இருந்த பக்கத்துக் கதிரையில் பெயின்ற் பேணிகளை வைக்கிறேன்.

மெர்சி முதலில் எந்த வேலையைப் பழக வேண்டும் என்று சிஸ்டர் கேட்டா. "எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கரைக்குக் கொண்டு வரவேணும்" என்றீர். தாய்மார் சிரித்தார்கள், ஆம்பிளையின் புத்தி வேறெங்கே போகும் என்று. நீரும் சேர்ந்து சிரித்தீர். திரும்பி வரும் வழியில்தான் என்னிடம் சொன்னீர்.

"நான் இல்லாத காலத்தில தனக்கெண்டாவது போட்டுக் குடிப்பாளெல்லோ."

மழை வரும்போல இருக்கிறது என்றோ என்னவோ சொன்னேன்.

வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மட்டையில் படம் கீறி, வரிசையாகக் குசினிச் சுவரில் ஒட்டச் சொன்னா சிஸ்டர். கீறுவதற்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது என் கையைப் பிடித்து உயர்த்தினது நீர்தான். நீலப் பெயின்ற் மிச்சம் கிடந்ததால் நான் கேத்திலை நீலமாகக் கீறினேன். மெர்சி மட்டையைப் பார்த்தாள், அடுப்பில் இருந்த அலுமினியக் கேத்திலைப் பார்த்தாள், "இது எங்கட கேத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினியை விட்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உமக்கு வரவில்லை.

"அவள் சொல்லுறது சரிதானே. நீர் என்னத்தைக் கீறினாலும் அவள் நம்புவாள். அவளுக்குப் பொய் கீறாதையும்."

ஒரு கேத்திலுக்கு இவ்வளவு பேச்சா என்று முகத்தை நீட்டிக்கொண்டு போனேன். அடுத்த நாள் சாம்பல் நிறக் கேத்திலோடு வந்தேன்.

சீனி மட்டையிலும் பிழைவிட்டேன். சீனிப் பேணிக்குள் போகிற கரண்டி ஒன்று, வெளியே வருகிற கரண்டி ஒன்று என்று கீறினேன். அவள் பார்த்தது இரண்டு கரண்டி. இரண்டு போட்டாள். பழகினதை மாற்ற நீர் விடவில்லை. "இருக்கட்டும். சலரோகம் வந்தால் உம்மட பேரைத்தான் சொல்லுவன்."

ஒவ்வொரு மட்டையாகச் செய்து முடித்து, "பிறகு?" என்று கேட்பாள். அடுத்ததைத் தொட்டுக் காட்டுவோம். கேத்தில், அடுப்பு, தேயிலை, இஞ்சி, சீனி, போத்தல். கடைசி மட்டையில் நீர் கரையில் கோப்பையோடு நிற்கிறீர். அதைக் கீறும்போது உம்முடைய வயிற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னீர். "பொய் கீற வேண்டாமெண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டேன். அன்று ஒருநாள்தான் உம்முடைய வாயை நான் அடைத்தது.

அவள் முதல்முறை தனியாகப் போத்தலோடு கரைக்கு வருமுன் கரையில் நின்றவர்களுக்கும் வகுப்பு எடுத்தீர். போத்தலை அவளிடமிருந்து பறிக்கக் கூடாது, மூடியைத் திறந்து கொடுக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வலை இழுத்துக் களைத்த மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோப்பை நிறைந்தபோது ஒருவன் விசிலடித்தான். நீர் கடற்பக்கம் திரும்பி நின்று குடித்தீர். ஏன் திரும்பி நின்றீர் என்று நான் கேட்கவில்லை.

நீர் போனது ஒரு சனிக்கிழமை. மெர்சி மண்டபத்துக்குள் இருக்க, காற்று வாங்க வெளியே வந்து கதிரையில் இருந்தபடி நெஞ்சைப் பிடித்தீர். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு ஓடினோம். பின்னேரம் எல்லாம் முடிந்துவிட்டது.

மண்கும்பானில் இருந்து உம்முடைய அக்கா வந்து மெர்சியைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அடக்கம் முடியும்வரை அவளை இங்கே கொண்டுவரவில்லை. அவளுக்கு விளங்காது, குளறி அழுது விழுந்தால் ஆர் பிடிக்கிறது என்று சொந்தம் எல்லாம் ஒரே குரலில் சொன்னது. அப்பா எங்கே என்று அவள் கேட்டதற்கு, "தொழிலுக்குப் போட்டார்" என்று அக்கா சொல்லிவிட்டா. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கடலுக்குப் போனவர் விடியத் திரும்புவார். திரும்பி வருகிறவருக்குத் தேத்தண்ணி வேண்டும்.

அடக்கத்துக்குப் பிறகு அக்கா மெர்சியோடு உம்முடைய வீட்டுக்கு வந்து தங்கினா. வந்த மறுநாளே மெர்சி போத்தலோடு கரையில் நின்றாள். ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்தாள். "வாறார் பிள்ளை, வாறார்" என்றார்கள். நீர் வகுப்பு எடுத்த கரை முழுவதும் பொய் சொன்னது. வெயில் ஏறினதும் போத்தலைத் திறக்காமலே திரும்பிப் போவாள். அடுத்த நாளும் வருவாள். அதற்கடுத்த நாளும் வருவாள்.

ஒருநாள் நேரே என்னிடம் வந்தாள்.

"பெயின்ற் மாமா, எங்கட வள்ளம் இங்க நிக்குது. அப்பா எதில போனவர்?"

அவளுக்குப் பின்னால் உம்முடைய வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதில் நான் எழுதின பேர் தலைகீழாகத் தெரிந்தது. விளங்காது, விளங்காது என்று நாங்கள் சொன்ன பிள்ளை கேட்ட கேள்வி இது. கையில் பிரஷ் காய்ந்தது.

அன்றைக்கே அக்காவிடம் போனேன். முப்பத்தோராம் நாள் பூசையையும் மெர்சி காணாதபடி அவளை மண்கும்பானுக்கு அனுப்ப உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தா.

"அக்கா, அவளுக்குச் சொல்லவேணும்."

"என்னத்தைச் சொல்லுறது, தம்பி? சும்மா இருக்கிற பிள்ளையை அழவைக்கச் சொல்லுறீரோ?"

"சும்மா இல்லை அக்கா. ஒவ்வொரு நாளும் விடியக் கரையில காவல் நிக்கிறாள். நாங்கள் செத்தாப் பிறகும் நிப்பாள்."

அக்கா உடுப்புகளின் மேலேயே இருந்துவிட்டா. "என்னால ஏலாது. நீர் சொல்லும்" என்றா. பிறகு சுவரில் இருந்த மட்டைகளைப் பார்த்து, "வானத்துச் சம்மனசு செட்டையோட வந்து அவனை மேல கூட்டிக்கொண்டு போறமாதிரி வடிவாக் கீறிக் காட்டுமன்" என்றா. எனக்குக் கேத்தில் நினைவு வந்தது. சிறகும் செட்டையும் கீறினால் மெர்சி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், போத்தலோடு.

மூன்று மட்டைகள் கீறினேன். ஆஸ்பத்திரிக் கட்டில். பெட்டி. தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் புது மணல், மரச் சிலுவை. வருடாவருடம் மெழுகுதிரி கொளுத்தப் போகிற இடம் என்பதால் தாயின் கல்லறை அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் உம்முடைய முகத்தைக் கீறிவிட்டேன். உம்முடைய மூடின கண்ணைக் கீறத்தான் நெடுநேரம் பிடித்தது. வயிற்றைக் குறைக்கவில்லை. அதைப் பார்த்து நீர் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் நன்றாக அழுதேன்.

மறுநாள் விடிய உம்முடைய வள்ளத்தடியில் மெர்சியை இருத்தினேன். அக்கா செபமாலையோடு எட்ட நின்றா.

"மெர்சி, அப்பா தொழிலுக்குப் போகேல்லை. அப்பா செத்துப்போனார்."

முதல் மட்டையைக் கொடுத்தேன். பார்த்தாள்.

"பிறகு?"

"பெட்டியில வைச்சவை."

"பிறகு?"

"அம்மாவுக்குப் பக்கத்தில தாட்டவை."

மூன்றாவது மட்டையை மடியில் வைத்து, தாயின் கல்லறையை ஒரு விரலால் தொட்டாள். புது மணலையும் தொட்டாள்.

"பிறகு?"

என் கையில் வேறு மட்டை இல்லை. "பிறகு ஒண்டுமில்லை, பிள்ளை. அப்பா வரமாட்டார்."

அவள் குளறவில்லை. விழவுமில்லை. மூச்சு மட்டும் பெரிதாக வாங்கினாள். பிறகு அழுதாள், அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்து அவளைவிடப் பெரிதாக அழுதா. அழுது முடித்து மெர்சி போத்தலின் மூடியைத் திறந்தாள். எவரும் உதவவில்லை. கோப்பையில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். அன்று தொடங்கிய சீனிதான்.

முப்பத்தோராம் நாள் உம்முடைய சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்தினது மெர்சி. காற்றுக்கு அது அணைய அணைய மறுபடி கொளுத்தினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்கு வந்ததும் குசினிச் சுவரில் இருந்து கடைசி மட்டையை, நீர் கோப்பையோடு கரையில் நிற்கிற மட்டையை, தானே உரித்து என்னிடம் தந்தாள். "இது இப்ப பொய்" என்றாள்.

அது என்னுடைய சட்டைப் பையில்தான் இருக்கிறது. வியர்வை பட்டு ஓரம் வளைந்துவிட்டது. பகல் முழுவதும் ஒரு சொல் பேசாமல் போகிற நாட்கள் எனக்கு இப்போது நிறைய. அப்படியான நாளில் அதை எடுத்து உம்முடைய வயிற்றைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டு வைப்பேன். பதில் இல்லாத பகிடி பகிடியே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

சுவரில் போத்தல் மட்டைக்குப் பக்கத்தில் வெறும் இடம் கிடக்கிறது. அந்த இடத்தில் என்னைக் கீறி ஒட்டச் சொல்லி அக்கா கேட்டா. சிஸ்டரும் கேட்டா. நான் கீறவில்லை. எனக்கும் உம்முடைய வயதுதான். மெர்சியின் தலையில் இன்னும் ஒரு நரைகூட இல்லை.

இன்று காலையும் கோப்பையை வாங்கிக் கழுவி வைத்துக்கொண்டு, "பிறகு?" என்றாள்.

"நாளைக்கு வருவன்" என்றேன். அதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும்.